பெட்டிக்குள் பெட்டி, வெளியே பிரிண்டர்

செவ்வாய்க்கிழமையில் யாரும் நிலம் எழுத மாட்டார்கள். காரிமங்கலத்தில் அன்றைக்குச் சந்தை வேறு. பஸ் நிலையத்திலிருந்து சந்தைத் திடல் வரைக்கும் மாடும் ஆளுமாக நெரிசல். பத்திர ஆபீஸ் தெருவில் மட்டும் ஒரு காக்கை கிடையாது. அமுதவல்லிக்கு அந்த ஒரு நாள் கிடைத்ததே அதனால்தான்.

முந்தின நாள் மாலை கடையைச் சாத்தும்போது, பத்திர எழுத்தர் சந்திரமோகன் நின்றவாக்கிலேயே சொல்லிவிட்டார்.

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள இந்தப் புதுக் கம்ப்யூட்டருல இருந்து பத்திரம் அடிச்சி வரணும் அமுதா. புதன்கிழமை பத்தரைக்கு ராமக்காளுக்குப் பதிவு டோக்கன். வரலன்னா எதிர்க்கடை பூவரசன்கிட்ட குடுத்து அடிச்சிக்கிறேன். ஒருதரம் அங்க போயிட்டா அப்புறம் தெனமும் அங்கியே அடிச்சிக்கலாம். உனக்கும் எதுக்கு இந்த வயசுல பஸ்ஸு ஏறி எறங்கற அலைச்சலு?"

கடைசி வாக்கியத்தை அவர் அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அன்பாகச் சொன்னதால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் வழி முழுக்க முதுகு வலித்தது.

அமுதவல்லிக்கு நாற்பத்தாறு வயது. பாப்பாரப்பட்டிப் பக்கம் பிறந்தவள். பத்தாவது முடித்துத் தட்டச்சுப் பள்ளியில் சேர்ந்து, தமிழில் கீழ்நிலைத் தேர்வு தேறினாள். மேல்நிலைத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்ட மாதமே மதியழகனுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். அவர் பெங்களூரில் கட்டடத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கிறவர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். ஒரே மகள் காவியா சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருடம். இந்த வீட்டில் மாதம் தவறாமல் வருகிற சம்பளம் அமுதவல்லியுடையது மட்டும்தான்.

சந்திரமோகன் கடையில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. முதலில் தட்டச்சு மிஷின். பிறகு ஒருநாள் அதை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. வைத்தவர்கள் சுவிட்சு இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். அவள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் எதை அமுக்கினேன், அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று எழுதிக்கொண்டே வந்தாள். இப்போது நான்காவது நோட்டு நடக்கிறது. பத்திரத்தில் ஒரு சர்வே எண் தப்பினால் அண்ணன் தம்பி பேரப்பிள்ளை வரைக்கும் கோர்ட்டுக்கு அலைவார்கள். அதனால் எதையும் இரண்டு முறை படிப்பாள், ஒருமுறை வாய்விட்டு. நான்கு எல்லையையும் படிக்கும்போது அந்தந்தத் திசைக்குக் கையைக் காட்டுவாள். சந்திரமோகன் முதல் வருடம் இதைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் அவரும் கையைக் காட்ட ஆரம்பித்தார்.

கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அவள் அடித்த பத்திரங்கள் நாலாயிரத்துச் சொச்சம். எல்லாம் ஒரே பழைய தமிழ் சாப்ட்வேரில் இருக்கின்றன. அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போனது. புதுக் கம்ப்யூட்டர் எதிலும் அது ஏறாது. அவள் விரல்களும் அந்தப் பழைய தட்டச்சு வரிசைக்குத்தான் பழகியவை. போன வியாழக்கிழமை பழைய கம்ப்யூட்டர் ஒரு புகைநாற்றத்தோடு நின்றபோது சந்திரமோகன், "தூக்கிப் போடு, புதுசு வாங்கிக்கலாம்" என்றார். அவருக்கு அது ஒரு பெட்டி. அவளுக்கு அதற்குள் நாலாயிரம் பத்திரம்.

சர்வீஸ் பார்க்கும் சிவக்குமார் கிருஷ்ணகிரியிலிருந்து வந்தான். பழைய பெட்டியின் டிஸ்க்கைக் கழற்றி, அதில் இருந்ததை அப்படியே எடுத்து, புதுக் கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட்டான்.

"இதுக்குப் பேரு விர்ச்சுவல் மிஷின்க்கா. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர். உங்க பழைய பெட்டி செத்தும் சாகாம உள்ள உக்காந்திருக்குது, பாருங்க."

பார்த்தாள். புதுத் திரையில் ஒரு சதுரம். அதற்குள் பழைய பச்சை மேடு, நீல வானம், அவள் அடுக்கிவைத்த வரிசையிலேயே கிராமத்துக்கு ஒரு கோப்பு. தான் இன்னொன்றுக்குள் இருக்கிறோம் என்பதே தெரியாமல் அது தன்பாட்டுக்கு மணி காட்டிக்கொண்டிருந்தது. சிவக்குமாருக்கு ஓசூரிலிருந்து போன்மேல் போன். "பிரிண்டரை மட்டும் உள்ள சேர்க்கணும்க்கா. போன்ல சொல்றேன், நீங்களே பண்ணிடுவீங்க" என்று பைக்கை உதைத்தான்.

பிரிண்டரும் புதிது, கருப்பு வெள்ளை லேசர். வெளிப் பெட்டிக்கு அதைத் தெரியும். காலையில் வந்ததும் சோதனைக்கு ஒரு பக்கம் அடித்துப் பார்த்தாள், வந்தது. உள்பெட்டியோ போன சனிக்கிழமை காயலான் கடைக்குப் போன பழைய பிரிண்டரையே தேடிக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்கு முதல் போன்.

"தம்பி, பிரிண்டரோட வந்த சிடியை உள்பெட்டிக்குக் குடுத்தேன். ஏத்துக்கல."

"ஏத்துக்காதுக்கா. அது இந்தக் காலத்து சிடி, உள்ள இருக்கறது அந்தக் காலத்து ஆளு. பிரிண்டருக்குப் பின்னால நெட் கேபிள் போட்டிருக்கன்ல? அதுக்குன்னு ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரை உள்பெட்டியில போர்ட்னு கேக்கற இடத்துல குடுங்க. கம்பெனிப் பேரு கேட்டா, நான் வாட்சப்புல அனுப்பியிருக்கற பழைய மாடலைச் சொல்லுங்க."

"அது நம்ம மாடல் இல்லையே."

"இல்லதான். ஆனா அந்தப் பாஷை இந்தப் பிரிண்டருக்குப் புரியும்."

நம்பரை இரண்டு முறை படித்து, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, கொடுத்தாள். நோட்டில் ஒன்று முதல் ஏழு வரை படிகள் ஏறின. ராமக்காளின் கிரயப் பத்திரத்தைத் திறந்து முதல் பக்கத்தை அனுப்பினாள். பிரிண்டர் செருமிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. தாள் நிறைய ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும். ஒரு தமிழ் எழுத்து இல்லை.

"எழுத்து மாறிடுச்சு தம்பி."

"பிரிண்டர் தன்னோட எழுத்தைப் போட்டுக்குதுக்கா. எழுத்தை எழுத்தா அனுப்பாம படமா அனுப்பச் சொல்லுங்க. பிராப்பர்ட்டீஸ் உள்ள, அட்வான்ஸ்டு, அதுக்கும் உள்ள."

அதற்கும் உள்ளே போய்த் தேடுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. பதினொன்றே காலுக்குத் தமிழ் வந்தது. 'கிரயப் பத்திரம்' என்று தலைப்பு, சாய்வு இல்லாமல், மை சிந்தாமல். அமுதவல்லி தாளைக் கையில் வைத்தபடியே நாற்காலியில் சாய்ந்தாள். சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டும். படி பதினொன்று என்று நோட்டில் எழுதினாள்.

ஆனால் இது சாதாரண வெள்ளைத் தாள். பத்திரம் போவது முத்திரைத்தாளில். அது நீளம், கெட்டி, மேல் பாதியில் முத்திரை அச்சாகி இருக்கும், எழுத்து அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். ஒரு தாள் கெட்டால் வாங்கினவர் தலையில் விடியும். அதனால் அவள் எப்போதும் முதலில் அதே நீளமுள்ள, முத்திரை இல்லாத கெட்டித் தாளில் அடித்துப் பார்ப்பாள். அப்படி ஒன்றை வைத்து அனுப்பினாள்.

பிரிண்டர் இரண்டு முறை சுற்றிப் பார்த்தது. ஆரஞ்சு விளக்கு. தாள் அசையவில்லை.

தாளின் அளவு தப்பாக இருக்கும் என்று உள்பெட்டியில் நீளத் தாளுக்கு மாற்றினாள். ஆரஞ்சு விளக்கு. சாப்ட்வேருக்குள் தனியாக ஓர் அளவு இருந்தது, அதையும் மாற்றினாள். வெளிப் பெட்டியிலும் மாற்றினாள். ஆரஞ்சு விளக்கு. வெள்ளைத் தாளை வைத்தால் மூன்றுக்கு ஒன்று போனது, இரண்டு நின்றது. உள்ளேயிருந்து வருகிற வேலை பாதி வழியில் எங்கோ அறுந்துபோகிறது என்றே நினைத்தாள். பெட்டிக்குள் பெட்டி, எந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறதோ.

ஒரு மணிக்கு ராமக்காள் எட்டிப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சந்தையில் ஒரு கிடேரியைப் பார்த்துவிட்டு, விலை படியாமல் வந்திருந்தார். தன் காட்டை ஒட்டிய முப்பது சென்ட்டை நாளைக்கு வாங்கப் போகிறவர் அவர்தான்.

"என்ன கண்ணு, நம்ம பத்திரம் ரெடிங்களா?"

"அடிச்சி வெச்சிட்டேன்க்கா. பேப்பர்ல வரணும்."

"அடிச்சாச்சு, ஆனா வரலையா? அது என்னாடியம்மா, கறந்த பாலு சொம்புல விழாத கதையா இருக்குது."

"பழைய கம்ப்யூட்டரு புதுசுக்குள்ள இருக்குதுக்கா. பிரிண்டரு வெளிய இருக்குது."

ராமக்காள் திரையை உற்றுப் பார்த்தார். "எங்க மாமியாளும் அப்பிடித்தான். கண்ணை மூடி ஏழு வருசமாச்சு. இன்னும் எங்க வூட்டுக்காரரு வாய்க்குள்ள உக்காந்துக்கிட்டு அவங்கதான் பேசறாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "நாளைக்குத் தவறிடாதில்ல கண்ணு? அந்தாளு மனசு மாறிடுவான். ஆறு வருசமா கேட்டு இப்பத்தான் சரின்னான்."

"தவறாதுக்கா. இங்க வரலன்னா எதிர்க்கடையில அடிச்சிடுவாங்க."

"எங்க அடிச்சா என்ன, எல்லை மட்டும் நீ படிச்சிடு. போன வருசம் எங்க கொழுந்தனாருக்கு வேற எங்கியோ அடிச்சாங்க. கெழக்கால இருக்கற ஏரியைத் தூக்கி மேக்கால வெச்சிட்டாங்க."

அவர் போனபின் அமுதவல்லி டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். எங்கே அடித்தாலும் எல்லையை நீ படி. எதிர்க்கடையில் அடித்தால் யார் அவளைப் படிக்கக் கூப்பிடப் போகிறார்கள்? டப்பாவை மூடிவைத்தாள்.

இரண்டு மணிக்கு சிவக்குமார், "எல்லாத்தையும் எடுத்துட்டு மொதல்ல இருந்து போடுங்கக்கா" என்றான். எடுத்தாள். ஒன்றிலிருந்து பதினொன்று வரை நோட்டைப் பார்த்து மறுபடி போட்டாள். அதே ஆரஞ்சு விளக்கு. இன்னொரு பழைய மாடலின் பெயரைச் சொன்னான், அதையும் போட்டாள். கண் எரிந்தது. மூன்றரைக்கு அவனே சோர்ந்துவிட்டான்.

"அக்கா, உள்ள இருந்து வர்ற பிரிண்ட்டுக்கு இவ்ளோதான் போல. நாளைக்கு ஒருநாள் எதிர்க்கடையில அடிச்சிக்கச் சொல்லுங்க. நான் வெள்ளிக்கிழமை நேர்ல வர்றேன்."

"வெள்ளிக்கிழமை நான் இங்க இருக்கணுமே தம்பி."

"ஏன்க்கா, லீவா?"

"ஆமா, லீவுதான்" என்று போனை வைத்தாள்.

மேசைமேல் கெட்டுப்போன தாள்கள் பதினாறு கிடந்தன. அமுதவல்லி கெட்ட தாளை எறிய மாட்டாள். திருப்பி அடுக்கி, பின்பக்கத்தில் குறிப்பு எழுதுவாள். மதியழகன் போனில் சொல்லும் சாமான் கணக்கிலிருந்து மகளின் ஹால் டிக்கெட் எண் வரைக்கும் எல்லாம் கெட்ட பத்திரங்களின் முதுகில்தான் இருக்கும். அன்றைக்கும் பழக்கத்தில் தாள்களைத் திருப்பித் தட்டி அடுக்கினாள். எதிர்க்கடையில் கொடுக்க ராமக்காள் பத்திரத்தின் விவரங்களை எழுதலாம் என்று பேனாவைத் திறந்தாள்.

மேலே இருந்த தாளின் பின்பக்கத்தில், மேல் விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே, நடுவில், லேசாக ஒரு கறை இருந்தது. சாப்பாட்டுக் கையால் தொட்டுவிட்டோமோ என்று விரலைப் பார்த்தாள். அடுத்த தாளைப் பார்த்தாள். அதே இடம், அதே கறை. அதற்கடுத்ததிலும். ஸ்கேலை வைத்து அளந்தாள். எல்லாவற்றிலும் ஒரே அளவு, ஒரு நூல் முன்னே பின்னே இல்லை. சாப்பாட்டுக் கை இவ்வளவு ஒழுங்காகத் தொடாது.

கறை மஞ்சளாக இருந்தது.

இந்தப் பிரிண்டரில் கருப்பு ஒன்றுதான் உண்டு. அதற்கு மஞ்சள் தெரியாது.

அப்போதுதான் காலையிலிருந்து செய்யாமல் விட்ட ஒன்று அவளுக்கு உறைத்தது. வெளிப் பெட்டியிலிருந்து அடித்துப் பார்த்தாளே, அது வெறும் வெள்ளைத் தாள். அதுவும் ஒரே ஒரு தாள். கெட்டித் தாளை வெளியிலிருந்து ஒருமுறைகூட அனுப்பிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக எதையும் இரண்டு முறை பார்க்கிறவள், பெட்டிக்குள் பெட்டி என்றதும் தப்பு அதற்குள்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டாள். உள்பெட்டியை மூடி வைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒரு வரி மட்டும் அடித்து, கெட்டித் தாளுக்கு அனுப்பினாள். பிரிண்டர் இரண்டு முறை சுற்றியது. ஆரஞ்சு விளக்கு.

பாவம், உள்ளே இருந்தது ஒரு தப்பும் செய்யவில்லை.

பிரிண்டரை அணைத்து, தாள் தட்டை உருவி, போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தாள். தாளை இழுக்கிற சின்ன ரப்பர் சக்கரம் உள்ளே தெரிந்தது. அதன் மேல் வட்டமாகக் காய்ந்துபோன சந்தனமும் மஞ்சளும். நடுவில் குங்குமம். அச்சுப்போல ஒரு பொட்டு.

திங்கட்கிழமை காலை சந்திரமோகன் புதுச் சாமான்களுக்குப் பூஜை போட்டார்; பஸ் தாமதமாகி அவள் வந்தபோது கற்பூரம் அணைந்திருந்தது. கம்ப்யூட்டர் மேலேயும் பிரிண்டர் மூடிமேலேயும் பொட்டும் பூவும் பார்த்தாள். உள்ளேயும் ஒன்று இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? மேலே பொட்டு வைத்தவர் தட்டை இழுத்துப் பார்த்திருக்கிறார். ஓடுகிற சக்கரம் கண்ணில் பட்டிருக்கிறது. வண்டிக்குப் பூஜை போட்டால் சக்கரத்துக்கு வைக்காமல் விடுவார்களா?

கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்தாள். சக்கரத்தை விரலால் உருட்டி உருட்டி, மஞ்சள் வருவது நிற்கும் வரைக்கும் துடைத்தாள். முந்தானையால் ஒற்றினாள். காற்றாடிக்கு நேரே பத்து நிமிடம் விட்டாள். அந்தப் பத்து நிமிடமும் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சந்தைப் பக்கமிருந்து மாடு ஏற்றும் வண்டிகளின் சத்தம் வந்தது.

நாலே முக்காலுக்கு உள்பெட்டியைத் திறந்து, ராமக்காள் பத்திரத்தின் முதல் பக்கத்தைக் கெட்டித் தாளுக்கு அனுப்பினாள். சரக்கென்று இழுத்துக்கொண்டது. வந்த தாளை முத்திரைத்தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்து முத்திரையில் இடித்தது. இரண்டு வரி இறக்கி மறுபடி அடித்தாள். இப்போது முத்திரைக்குக் கீழே இரண்டு விரற்கடை தள்ளி முதல் வரி நின்றது. எல்லைகளைப் படித்தாள். கிழக்கு என்றபோது கை தன்னால் எழுந்து, எதிர்க்கடைப் பக்கம் நீண்டது. பிறகு முத்திரைத்தாளை வைத்தாள்.

சந்திரமோகன் கையில் ஒரு மாட்டுக் கயிறும் முகத்தில் சந்தைத் தூசியுமாக உள்ளே வந்தபோது முத்திரைத்தாள் மேசைமேல் இருந்தது. கயிற்றைக் கீழே வைக்காமலே குனிந்து படித்தார். நான்கு எல்லைக்கும் மோவாயைத் திசைதிசையாகத் திருப்பினார்.

"வந்துடுச்சா? உள்ள இருக்கறதுல இருந்தா?"

"ஆமாங்கண்ணா."

"பாத்தியா. நல்ல நேரத்துல பூஜை போட்டமில்ல. வராம எங்க போவும்?"

அமுதவல்லி கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள். மஞ்சள் திட்டுத்திட்டாக ஊறியிருந்தது. சந்திரமோகன் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"தட்டை உருவி, உள்ள சக்கரத்துக்குப் பொட்டு வெச்சீங்களா அண்ணா?"

"வெச்சேன். ஓடுற சாமானாச்சே."

"அதான் ஓடல."

அவர் கயிற்றைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். காலையிலேயே பூவரசனிடம் பேசி வைத்திருந்த மனிதர்.

"ஒரு நாள் பூரா இதுக்கா உக்காந்திருந்த?"

"ஒரு நாள் பூரா உள்பெட்டியைத்தான் திட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். இது கடைசி ஒரு மணி நேரம்."

"சரி விடு. எதிர்க்கடைக்காரன் காதுக்குப் போயிடப் போவுது. ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்." கயிற்றை நாற்காலிமேல் போட்டார். "அவன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். எல்லாம் இதுலயே அடிச்சிக்கலாம். நீயே அடி." கொஞ்சம் நின்று, "அப்பிடியே அந்த வில்லங்கச் சான்று மனுவுங்கள்லாம் தேங்கிக் கெடக்குது. அதையும் நாளையில இருந்து நீயே பாத்துக்க" என்றார்.

"சரிங்கண்ணா" என்றாள். நாற்காலி மிஞ்சியது; மேசை இன்னும் கொஞ்சம் நிறைந்தது. காவியாவிடம் சொன்னால், "இதுக்கு விட்டுட்டே வந்திருக்கலாம்மா" என்பாள். அவளுக்கென்ன, இன்னும் ஒன்றரை வருடம் படிக்க வேண்டியவள்.

அவர் மீதிப் பக்கங்களைக் கையெழுத்துக் கோடு சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கையில், அமுதவல்லி நோட்டை எடுத்துப் படி பன்னிரண்டை எழுதினாள். இந்தப் பக்கம்: 'கெட்டித் தாளை முதலில் வெளிப் பெட்டியிலிருந்து அடித்துப் பார்க்க வேண்டும். தட்டுக்கு உள்ளே சக்கரத்தையும் பார்க்க வேண்டும்.' அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று எழுதத் தொடங்கி, 'ஒரு நாள் போயிற்று' என்று மட்டும் எழுதினாள்.

பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவள் திரும்பி வந்தாள். ஆயுத பூஜைக்கு இன்னும் நாற்பது நாள்கூட இல்லை. இந்த மனிதர் சும்மா இருக்க மாட்டார். கெட்ட தாள் ஒன்றிலிருந்து ஒரு துண்டு கிழித்து, கொட்டை எழுத்தில் எழுதி, பிரிண்டர் மூடியின் வலது ஓரத்தில் டேப் வைத்து ஒட்டினாள்.

'பொட்டு வைக்கும் இடம் இது. வேறு எங்கும் வேண்டாம்.'

அம்புக்குறி ஒன்றும் போட்டாள். சந்திரமோகன் தலையைத் தூக்கிப் பார்த்தார். படித்தார். கையெழுத்துக் கோட்டுக்குத் திரும்பினார். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க அவள் நடந்தாள். சந்தைக் கூட்டம் கலைகிற நேரம், உட்கார இடம் கிடைக்காது.